உங்கள் திட்டத்தில் அது இல்லை

ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறேன் இதை,
உம்ஷ்லாங்காவில், கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாம் மாடியில்,
காதில் ஹெட்செட்டோடு
கடலுக்கு முதுகைக் காட்டி.
சொல்வதற்கு முன் ஒரு நொடி விட வேண்டும்.
பயிற்சியில் கற்றுக்கொடுத்தார்கள்.
யோசித்த மாதிரி இருக்குமாம்.

கம்பெனி எனக்கொரு கார்டு கொடுத்திருக்கிறது.
கூடப்பிறந்தவனை அதில் சேர்க்கலாமா என்று
ஒருமுறை கேட்டேன்.
எனக்கும் ஒரு நொடி விட்டார்கள்.

ஞாயிறு மதியம் சாட்ஸ்வொர்த்தில், அக்கா வீட்டில் நண்டுக் குழம்பு.
புதுச் சட்டம் வந்தால், என்று தொடங்கியது கிருபன் அத்தான்.
"விளக்கெரிக்கத் தெரியாத சர்க்கார்
என் இருதயத்தையா ஓட்டப்போகுது?"
டாக்டருக்குப் படித்த பிரனீஷா
பெர்த்துக்குப் போய்விடுவேன் என்றாள்.
போன கிறிஸ்துமஸுக்கும் சொன்னாள்.
யூனியன்கார தயாளன் மேசையைத் தட்டினார்:
"எல்லாருக்கும் ஒரே வரிசை!"
"ஆமாம், ஒரே வரிசையில் சாவோம்."
ரசம் ஆறிப்போனது.
லோகன் அண்ணன் வாயே திறக்கவில்லை.
ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன், எந்தக் கார்டும் கிடையாது.
நண்டின் காலை உடைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தான்
தன் காலைக் குஷன்மேல் தூக்கி வைத்து.
காலுறைக்குள் பெருவிரல்
பிளம் பழத்தின் நிறம்.

திங்கட்கிழமை எனக்குக் காய்ச்சல் என்று மெசேஜ் அனுப்பினேன்.
விடிகாலை நான்கு மணி, ஆஸ்பத்திரி கேட்.
எங்களுக்கு முன்னால் நூற்றுக்கு மேல் ஆட்கள்.
மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்க், கம்பளி,
ஏர்டைமும் அவித்த முட்டையும் விற்கிற பையன்.
காகிதம் தீர்ந்துவிட்டதென்று
செக்யூரிட்டி கையிலேயே எண் எழுதினார்.
நூற்று முப்பத்தேழு, லோகனின் மணிக்கட்டில்.
"வியர்த்தால் துடைக்காதே."

ஆறுக்கு மைனாக்கள்.
ஏழுக்கு வெயில்.
எட்டரைக்கு ஒரு ஜன்னல் திறந்து
கோப்பைக் காணோம் என்றது.
பத்து வருஷச் சர்க்கரை அதில்தான் இருந்தது.
புதிதாகப் போடலாம் அண்ணா, என்று நான் குனிந்தேன்,
பெயர், பிறந்த தேதி, விலாசம்,
ஆபீஸ் குரல் தானாக வந்துவிட்டது.

முன்னாலிருந்த அம்மா திரும்பினார்.
நூற்று முப்பத்தாறு. மா ங்கோபோ. கறுப்பு உடை.
"இந்தக் குரலை எனக்குத் தெரியும்" என்றார்.
"மார்ச் மாசம். என் வீட்டுக்காரரின் ஸ்கேன்."

ஒரு நொடி விட்டேன். பழக்கதோஷம்.
மார்ச் என்றால் எண்ணூறு பேர்.
எந்த வீட்டுக்காரர், எந்த ஸ்கேன்?
"இருக்கலாம்" என்றேன்.
"எவ்வளவு மரியாதையாகப் பேசினாய்!
எனக்குத் திட்டக்கூட வரவில்லை.
அப்புறம் தவணை கட்ட முடியாமல்
கார்டும் போனது."
அவர் எப்படி இருக்கிறார் என்று
நான் கேட்கவில்லை. கறுப்பைப் பார்த்தேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.
எழுந்து, தன் நாற்காலியை லோகன் பக்கம் தள்ளினார்.
"உட்காரச் சொல்லு.
அது நிற்கிற கால் இல்லை."

செக்யூரிட்டியின் ரேடியோவில் அதே சட்டம்.
வரிப்பணம் எங்கிருந்து வரும் என்றார் ஒருவர்.
உரிமைக்கு விலை போடாதே என்றார் இன்னொருவர்.
வரிசையில் யாரும் சத்தத்தைக் கூட்டச் சொல்லவில்லை,
குறைக்கவும் சொல்லவில்லை.
பதினொரு மணிக்கு, நூற்றுப் பன்னிரண்டு.

என் போன் அதிர்ந்தது. மேலதிகாரி.
காய்ச்சலுக்கு டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டுமாம்.
லோகன் சிரித்தான், அன்றைக்கு முதல்முறையாக.
சிரித்ததில் வியர்த்து, மறந்துபோய்
மணிக்கட்டைச் சட்டையில் தேய்த்தான்.
ஒன்றும் மூன்றும் தப்பித்தன.
மா ங்கோபோ பையைக் கொட்டிப் பேனா தேடினார்.
அவன் கையைத் தன் மடியில் வைத்து,
அழுத்தமாக,
ஏழை
மறுபடி எழுதினார்.