தாய்க்கலம்

பட்டினி போட்டால்தான் வித்தியாகும்.
முதல் நாள் இறைச்சிச் சாறும் உப்பும்,
அடுத்த நாள் எதுவும் மிஞ்சாத கலங்கல்.
குலுக்கி இரவெல்லாம் ஆடுகிறது.
வெளியே நிலாவெளி வீதியில்
கச்சான் காற்று மணலை அள்ளி
ஜன்னல் வலையில் அரித்துக்கொண்டிருக்கிறது.

உள்ளே ஒரு பற்றீரியாக் கலம்
தன்னைச் சமமில்லாமல் பிரிக்கிறது.
சின்னப் பாதியைப் பெரிய பாதி விழுங்குகிறது.
விழுங்கியதைத் தின்னவில்லை,
சட்டை தைக்கிறது அதற்கு,
ஒன்றன்மேல் ஒன்றாய்
எழுபது வகைப் புரதத்தில்.
நான் செய்ததெல்லாம்
வெளிச்சட்டையில் ஒரு பொத்தானும் வை என்று
அதன் மரபணுவில் ஒரு வரி நுழைத்ததுதான்.

பொத்தான்,
இறாலைக் கொல்லும் வெண்புள்ளி வைரசின் உறைப்புரதம்.
வைரஸ் இல்லை. அதன் முகத்தில் ஒரு துண்டு.

கிண்ணியாவிலிருந்து ஸறூக் வந்தார்.
நாலு நாளில் இரண்டு குளம் போனவர்.
ஓடெல்லாம் சுண்ணாம்புத் தெறிப்போடு
ஐந்து இறால், ஐஸ்கிறீம் டப்பாவில்.
நான் சொன்னதைக் கேட்டுவிட்டு
"கள்ளன்ட மூஞ்சிய முன்னுக்கே காட்டிவைக்கிறீங்க,
சரி.
இறாலுக்கு ஞாபகம் இரிக்கா, மிஸ்?"

தெரியாது என்றேன்.
ஆய்வுக் கட்டுரைகளும்
அதையேதான் நீட்டி எழுதியிருக்கின்றன.

ஏழு மாதம் இருட்டு.
மரபணு இருந்தது; ஜெல்லில் அதன் கோடு
நேராக, திமிராக நின்றது.
ஒளிரும் பிறபொருளெதிரியை ஊற்றி
நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தால்
ஒன்றுமில்லை.
பொத்தான் துணியோடு அழுந்திக் கிடந்திருக்க வேண்டும்,
மடிந்து விரிய இடமில்லாமல்.

"நூலைக் கொஞ்சம் நீளமா விட்டுத் தையுமன்,"
தர்மினி தன் வெள்ளைக்கோட்டைப் பல்லில் கடித்தபடி.
எனக்குத் தெரியாததா? காசுதான் இல்லை.
ஓகஸ்டில் வந்தது காசு.
சிங்கப்பூரிலிருந்து வந்த நூல்
கொழும்புச் சுங்கத்தில் பத்தொன்பது நாள் படுத்தது.

கிளைசின் கிளைசின்
கிளைசின் கிளைசின்
செரின்.
இதையே மூன்று தரம்.
அவ்வளவுதான் நூல்.

பிறகு எண்பது பாகை, இருபது நிமிடம்.
கன்னியா வெந்நீரைப்போல் இருமடங்கு சூடு.
வித்தியாகாதவை செத்தன.
சட்டை முடிந்த கையோடு
தாய்க்கலங்கள் முன்னமே உடைந்திருந்தன.
அந்தச் சிதைவை மூன்று தரம் கழுவி
நானே தொட்டியில் ஊற்றினேன்.
கலம் என்றால் கப்பலும்தான்;
இந்தக் கலம் கரை சேர்ப்பதில்லை,
சரக்கைக் கட்டித் தந்துவிட்டு
நடுக்கடலில் உடைந்துபோகிறது.

அன்றிரவு கண்ணாடித் தகட்டில்
பச்சை வளையங்கள்.
உட்துறைமுகத்தில்
விளக்கை அணைக்க மறந்த கப்பல்களைப்போல.
தர்மினியைக் கூப்பிட்டேன்.
பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை,
மின்சாரம் போனது.
சிரித்தோம்.
குளிர்பெட்டியில் நொதியங்கள் கெடும்,
வித்திக்கு ஒன்றும் ஆகாது.
வடிதாளில் காயவைத்து
மேசை லாச்சிக்குள் போட்டாலும் கிடக்கும்.

தீனியில் கலந்து கொடுத்தோம்.
தொட்டிக்கு முப்பது இறால்.
வைரசை விட்டுப் பத்தாம் நாள் எண்ணினால்
பதினொன்று.
வெறுந்தீனித் தொட்டியில் நாலு.
இரண்டாம் தடவை ஒன்பது, ஆறு.
மூன்றாம் தடவை
காற்றுப் பம்பு நின்று எல்லாமே செத்தன.
அதையும் எழுதிவைத்திருக்கிறேன்.

மிச்சமெல்லாம் அழுத்தச் சட்டிக்குள்.
நூற்றிருபத்தொரு பாகை, இரண்டு சுற்று.
பட்டினியில் சாகாததை,
வெந்நீரில் சாகாததை
நாங்களே கொல்லவேண்டும்,
ஒன்றுகூட இங்கிருந்து உப்பாறுக்குப் போகக்கூடாது.
அனுமதி கேட்டு எழுதிய கடிதத்துக்கு
இன்னும் பதில் இல்லை.

ஸறூக்குக்கு எடுத்தேன்.
தொட்டியில்தான், குளத்துக்கு இல்லை,
ஒன்பதும் ஆறும் பெரிய வித்தியாசமில்லை,
ஒன்றுவிடாமல் சொன்னேன்.
அந்தப் பக்கம் எஞ்சின் இரைச்சல்.

"பதினொண்டா?" என்றார்.
மனதுக்குள் ஏதோ பெருக்கிப் பார்த்தார்.
"டீசல் காசுக்குக் காணும், மிஸ்."