அறுபதாவது ராடு

மூலனூருக்குத் தெற்கே, மாசி மாத ராத்திரி.
கம்ப்ரசர் உறுமியதும்
வேலிக்கு அக்கட்டப் படுத்திருந்த செம்மறிகள்
எழுந்து இடம் மாறிக்கொண்டன.

நான் திருச்செங்கோட்டுப் போர் வண்டியின் கணக்கு.
கோபி காலேஜில் ரெண்டு வருசம் இயற்பியல்,
மூணாம் வருசத்து ஃபீஸ் அப்பாவின் டயாலிசிசுக்குப் போயிற்று.
இப்போது என் பாடமெல்லாம்
இருபதடி ராடு, அதன் எண்ணிக்கை,
நூறடிக்கு ஒருதரம் ஏறும் ரேட்டு.

பதினேழு. வெள்ளைப் புழுதி.
முப்பத்தொன்று. அதே வெள்ளை.
பஸ்தரிலிருந்து வந்த புத்ராம்
இமைமுடி வரைக்கும் கல்மாவு பூசிக்கொண்டு
அடுத்த ராடைத் தூக்கி நிறுத்துகிறான்.

ராசாமணியக்கா நாற்காலி போட்டும் உட்காரவில்லை.
"ஏனுங், தண்ணி எத்தன மணிக்குங் வரும்?"

மேலே இருக்கிற மணிக்கா, கீழே இருக்கிற மணிக்கா
என்று திருப்பிக் கேட்க முடியாது ஒரு சம்சாரியிடம்.
ஆனால் ரெண்டும் ஒன்றில்லை.
பூமியின் நெஞ்சுக்குக் கிட்டப் போகப் போகக்
காலம் நடை தளரும்.
அக்கா, உங்கள் பாதத்தைவிட
உச்சந்தலைக்கு ஒரு துளி வயசு கூட.
எள்ளை எத்தனையாகப் பிளந்த துளி என்று
சொன்னால் சிரிப்பீர்கள்.

நாற்பத்துநாலு. ஈரமில்லை.

போனில் நீங்கள் அனுப்பிய புள்ளியைப் பிடித்துத்தான்
வண்டி இந்த இட்டேரிக்குள் நுழைந்தது.
அந்தப் புள்ளியைச் சொல்லும் செயற்கைக்கோள்
இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில்.
பாரம் குறைந்த இடம், அதனால் அதன் கடிகாரம் முந்தும்;
பறக்கிற வேகம், அதனால் கொஞ்சம் பிந்தும்.
முந்துவதே ஜெயிக்கும்.
கழித்துக் கட்டாமல் ஒரு நாள் விட்டிருந்தால்
பத்து கிலோமீட்டர் தள்ளிக்
கன்னிவாடிப் பக்கம் யார் காட்டிலோ
துளை போட்டுக்கொண்டிருப்போம்.
அங்கே ஒருவேளை வந்திருக்கும்.

ஓடுகிறவனுக்கும் அதே நியாயம்.
டிரைவர் அர்த்தநாரி இருபது வருசமாக
ராய்ப்பூர், ஜோத்பூர், ஹூப்ளி என்று
எண்பதில் விரட்டிய வகையில்
வீட்டிலிருக்கும் சம்சாரத்தைவிட
ஒரு நொடியில் முப்பது லட்சத்தில் ஒரு பங்கு
இளமையாக இருக்கிறார்.
சொன்னேன்.
"அதையும் பிடிச்சுக்கிட்டுச் சம்பளம் போட்றாதீங்க" என்று
டயருக்கடியில் சாக்கை விரித்துப் படுத்தார்.

ஐம்பத்தெட்டு. அக்கா விரலை மடக்குகிறார்,
ராடைப் பார்த்து அல்ல, நகைக்கடனைப் பார்த்து.
"இன்னும் ரெண்டு போடுங்."

ஐம்பத்தொன்பது.
அறுபதில் சத்தம் மாறியது.
தண்ணீர் என்று எல்லாரும் ஒரு எட்டு முன்னே வைத்தோம்.

மூன்று மணி நேரம் இழுத்தோம்.
அறுபது ராடும் ஏறி வந்தன,
நுனியில் ஹேமர் இல்லை.
மரை அறுந்து ஆயிரத்து இருநூறடியில் நின்றுவிட்டது,
பிட்டு வாயில் கல்லைக் கவ்வியபடி.

ஒரு நொடியை நூறு கோடியாக நறுக்கினால்
அதில் மூன்று துண்டும் சொச்சமும்:
தினமும் அந்த இரும்பு நம்மிடம் பின்தங்குவது அவ்வளவு.
முழு நொடி தங்க எட்டு லட்சம் வருசம் ஆகும்.
சொசைட்டி வட்டி
நாளை காலை பத்து மணிக்கே மேலேதான் ஏறும்,
ஆழத்தில் கடன் வாங்க வழியில்லை.

கம்ப்ரசரை நிறுத்தினோம்.
காதுக்குள் அது ஓடிக்கொண்டே இருந்தது.
மூடி போடுமுன் அக்கா குனிந்து
ஒரு கூழாங்கல்லைத் துளைக்குள் விட்டார்.
நான் மனசுக்குள் எண்ணினேன்.
எட்டு, ஒன்பது, பத்து.
எனக்கு எதுவும் கேட்கவில்லை.
புத்ராம் தலையசைத்தான், அவனுக்கும் இல்லை.

"ஈரத்துல உழுந்த சத்தமுங்" என்றார் அக்கா.

பில்லில் முடிந்த நேரம் என்ற கட்டம் காலியாக இருந்தது.
நாலு பத்து என்று எழுதிவிட்டு,
ஹேமர் விலையை அவர் தலையில் வைப்பதா
முதலாளி தலையில் வைப்பதா என்று தெரியாமல்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நின்றேன்.