ஓய்வு, பதினொரு நிமிடம்

உசிலம்பட்டியில் கிளம்பும்போது புள்ளி இருக்கிறது.
கருமாத்தூரில் இருக்கிறது.
செக்கானூரணிக்கு அப்பால்
வரைபடத்தில் வெறும் சாலை.
காளவாசல் பைபாஸில் மறுபடி முளைக்கிறது
ஒன்றுமே நடக்காத மாதிரி.

காணாமல்போன ஒவ்வொரு புள்ளிக்கும் நூறு ரூபாய் பிடித்தம்.
புள்ளி கேட்டது பால் கம்பெனி.
பிடித்தம் வண்டி ஓட்டும் மொக்கராசுக்கு.
வசவு மட்டும் எனக்கு:
'ஜெசிமா, உங்க ஆப் தூங்குது.
பாத்து, எங்களுக்கே ஆப்பு வெச்சிராதீங்க.'

மூன்று வாரம் பின்னணிச் சேவையோடு மல்லுக்கட்டினேன்.
திரை அணைந்தபின் போன் ஆளே மாறிவிடுகிறது.
கடைசி பஸ் கண்டக்டர் போல
ஒவ்வொரு நிரலையும் உலுக்கி எழுப்பி
யார் நீ, எதுவரைக்கும், சீட்டு எங்கே என்கிறது.
அடிக்கடி எழுப்பு என்று கேட்டேன்;
பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் என்றது.
பேட்டரிச் சலுகை கேட்கலாம் என்றால்
அந்தப் பொத்தானை ஒவ்வொரு கம்பெனியும்
ஒவ்வொரு மூலையில் ஒளித்து வைத்திருக்கிறது.

என் மேசைமேல் இருந்த போனில்
எல்லாம் ஒழுங்காகவே ஓடியது.
மேசை எங்கும் போவதில்லை.

அதனால் வண்டியில் ஏறினேன்.
ஆபீஸ் வேலையாக வெளியூர் என்று அம்மாவிடம் சொன்னேன்.
பொய்யில்லை.
இரவு ஒன்றரை மணி,
பின்னால் நாற்பது கேன் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ள
என் மடியில் லேப்டாப், அதில் ஒரு பச்சைப் புள்ளி
எங்கள் கூடவே ஊர்ந்தது.

செக்கானூரணி. டீக்கடை.
மொக்கராசு இறங்கினார், வேட்டியை மடித்துக் கட்டினார்,
சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.
கீழே சதுரத்தைத் தொட்டார்.
சீட்டுக்கட்டு மாதிரி விரிந்தவற்றை
கட்டைவிரலால் மேலே, மேலே, மேலே தள்ளினார்.
பச்சைப் புள்ளி நின்றது.

'ஏண்ணே அப்படிப் பண்றீங்க?'

'இருக்கிற அம்புட்டையும் தூக்கி எறிஞ்சாத்தேன் சார்ஜு நிக்கும்.
புள்ளைக்கு ராத்திரி போன் பேசணும்ல.'

கொஞ்ச நேரம் இஞ்சி டீயை ஊதிக்கொண்டிருந்தேன்.
ரூபாய் போன இடம் தெரிந்துவிட்டது.
அவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

'அண்ணே, உள்ள ஒரு ஆப் ஓடுது.
வண்டி எங்க நிக்குது, எம்புட்டு நேரம் நிக்குதுன்னு
கம்பெனிக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும்.'

'நமக்குத் தெரியாமலா?'

நாகமலை இருட்டில் நீளமாகப் படுத்திருந்தது.
வழி முழுக்க அவர் பாட்டுப் போடவில்லை.

தள்ளினாலும் சாகாமல் ஓட ஒரு வழி உண்டு.
ஆனால் போன் ஒரு நிபந்தனை போடும்:
ஓடுகிற நேரமெல்லாம்
உரியவர் கண்ணில் படும்படி
ஒரு வரி அறிவிப்பு தொங்க வேண்டும்.
அசிங்கமாக இருக்கும் என்று கம்பெனி வேண்டாமென்றது,
நானும் தலையாட்டியிருந்தேன்.
மறுநாள் அந்த வரியை எழுத உட்கார்ந்தேன்.
'சேவை இயங்குகிறது' என்று எழுதி அழித்தேன்.
'பயணம் பாதுகாப்பாக' என்பதையும்.
கடைசியில் இது நின்றது:
'நீங்கள் இருக்கும் இடம் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருக்கிறது.'
பக்கத்தில் ஒரு பொத்தான்: நிறுத்து.
யாரும் கேட்காத பொத்தான்.

திங்கட்கிழமை அறிக்கையில்
புள்ளிகள் வரிசையாக வந்தன, நடுவில் ஒரு வரி:
செக்கானூரணி, 2.41. ஓய்வு, பதினொரு நிமிடம்.
பிடித்தம் இல்லை; காணாமல் போகவில்லையே, நின்றிருக்கிறது.
'இந்தப் பொத்தானை யாரு வெச்சது?'
'போனோட சட்டம் சார்' என்றேன்.
பாதி உண்மை.

அன்று இரவு எல்லிஸ் நகர் அறையில்
விளக்கை அணைத்துவிட்டு என் போனைத் திறந்தேன்.
பின்னால் என்னென்ன ஓடுகிறது என்று பார்த்தேன்.
பட்டியல் போய்க்கொண்டே இருந்தது.
கட்டைவிரலால் மேலே, மேலே தள்ளினேன்.
ஒன்று நானே எழுதியது.
அதையும்.