முதல் சொட்டு

பச்சை விழுந்ததும் செத்துப்போகிறது.
சிவப்பில் நல்லபடியாகத்தான் உறுமிக்கொண்டு நிற்கும்.
ஜெலுத்தோங் சந்தைக்கு முன்னால், காலை ஏழு பத்துக்கு,
எண்ணெய் மிதித்த அந்தக் கணத்தில்
ஒரு விக்கல், ஒரு குனிவு.
பிறகு டேஷ்போர்டில் எல்லா விளக்கும்
சேர்ந்து எரிகிற அமைதி.

பின்னால் மீன் லாரி ஹாரன்.
மோட்டார் சைக்கிள்காரர்கள்
சாவு வீட்டைக் கடப்பதுபோல்
எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.
மறுபடி சாவி. உடனே பிடித்துக்கொள்கிறது,
ஒன்றுமே நடக்காத மாதிரி.
அதுதான் எனக்கு எரிச்சல்.

தொண்ணூற்றாறாம் வருடத்து இஸ்வாரா.
மூவாயிரத்து இருநூறு வெள்ளி, கைமாற்றில்.
மைத்துனர் குணசீலன் பிளக் என்றார். மாற்றினேன்.
எக்ஸ்ரே பிரிவு ஹஃபிஸ் கோய்ல் என்றான்,
எலும்பைப் பார்க்கிறவன் சொன்னால் சரியாக இருக்குமென்று
அதையும் மாற்றினேன்.
பெட்ரோல் நிலையத்துப் பெண், தண்ணீர் கலந்திருக்கும் என்று
ஒரு புட்டி விற்றாள். ஊற்றினேன்.
மேல்மாடி ரெத்தினாவதி
வித்துத் தொலையேன் என்றாள்.
புதிய சாமான்களெல்லாம் பளபளவென்று
பழைய வியாதியோடு ஓடின.

பதினோரு வாரம்.
அதற்குள் முட்டைமேல் கால் வைப்பதுபோல்
மிதிக்கப் பழகிவிட்டேன்.
மெல்லக் கேட்டால் தருகிறது.
அவசரமாய்க் கேட்டால் மூச்சை விடுகிறது.
பாலம் ஏறவே இல்லை.
பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணம்,
காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன்.
யாருக்கு என்று அவர்கள் கேட்கவில்லை.

சுங்கை பினாங் ஓரத்தில் ஆ ஹோக் பட்டறை.
எதையெல்லாம் மாற்றினாய் என்று அவன் கேட்கவில்லை.
எப்போது சாகிறது என்றான்.
படக்கென்று மிதித்தாலா, மெதுவாக மிதித்தாலா?
சூடேறியா, குளிரிலா?
நான் பதில் சொல்லச் சொல்ல
தலையை ஆட்டிக்கொண்டே மிச்சமிருந்த கோப்பியைக் குடித்தான்.
எனக்கு ஏனோ தொண்டை அடைத்தது.
இத்தனை வாரத்தில் யாரும்
அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை.

எஞ்சினை அணைத்தான். காற்று வடிகட்டியின்
மூடியைக் கழற்றி டார்ச்சை என்னிடம் நீட்டினான்.
உள்ளே பார்.
அவன் கைவிரல் கம்பியை இழுக்கிறது, விடுகிறது,
இழுக்கிறது.
என்ன தெரிகிறது?
ஒன்றுமில்லையே.
அதான்.

காற்று லேசானது, கூப்பிட்டதும் ஓடிவந்துவிடும்.
எண்ணெய் கனம், எழுந்து வர நேரமெடுக்கும்.
அந்த இடைவெளியில் ஒரு வாய் எண்ணெய் பீய்ச்ச
கார்பரேட்டருக்குள் குட்டிப் பம்ப் ஒன்று இருக்கிறதாம்.
அதன் உயிர் ஒரு ரப்பர் ஜவ்வு,
ஐம்பது காசு அகலம்.
கழற்றி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தான்.
நடுவில், விடிகாலைக் கதவிடுக்கு மாதிரி,
ஒரு கீற்று வெளிச்சம்.

நாற்பத்தைந்து வெள்ளி, கூலி தனி.
வெளியே தகரக் கூரையில் மழை கொட்டத் தொடங்கியிருந்தது.
பூட்டி முடித்ததும் மறுபடி டார்ச்.
இழுத்தான்.
நூலிழையாய் ஒரு பீச்சு,
கண்ணை எரிக்கிற வாசனை.
நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன்.
ஆ ஹோக் என்னை விநோதமாகப் பார்த்தான்.

மறுநாள் அதே விளக்கு, அதே மீன் லாரி.
பச்சை.
கால் பழக்கத்தில் முட்டையைத் தேடுகிறது.
காடி நிற்கவில்லை. நின்றது நான்தான்.
ஹாரன்.
மிதித்தேன்.
முதுகு இருக்கையில் ஒட்டியது,
கைப்பை கவிழ்ந்து சீப்பும் மாத்திரையும் உருண்டன,
கண்ணாடியில் லாரி சிறுத்துக்கொண்டே போனது.

சில்லறை போடும் குழியில்
அந்தக் கிழிந்த ஜவ்வு இன்னும் கிடக்கிறது.
சிவப்பு விழும்போதெல்லாம்
எறிந்துவிடலாம் என்று எடுக்கிறேன்.
அதற்குள் பச்சை.