மூன்று விலைப்புள்ளி

சாலிஸ்பரி தீவு, பேர்தான் தீவு.
எப்போதோ மண் கொட்டி
டர்பன் துறைமுகத்தோடு ஒட்டிவிட்டார்கள்.
கடற்படைக் கிடங்கில், ஜன்னல் இல்லாத பக்கம்,
பதினெட்டு வருடமாக என் மேசை.

ரோந்துக் கப்பலின் கடல்நீர்ப் பம்புக்கு
ஒரு வளையம் வேண்டும்.
பித்தளை. பார்த்தால் வளையல் மாதிரிதான் இருக்கும்;
பதினோரு இலக்கத்தில் அதற்கொரு பெயர்.

மூன்று விலைப்புள்ளி வாங்க வேண்டுமென்பது விதி.
உலகத்திலேயே அதைச் செய்தது ஒரே கம்பெனி.
அதையும் மூடிவிட்டார்கள்.
இல்லாத பொருளுக்கு விலை கேட்டு
மூன்று பேருக்கு எழுதினேன்.
மூவரும் சொன்னார்கள்.

குறைந்த விலைக்காரரின் முகவரி
பெனோனியில் ஒரு முடிதிருத்தும் கடை.
தொலைபேசியில் டிரையர் இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண்:
"ஆமாம் மேடம், நாங்கள் கப்பலும் பார்க்கிறோம்."

எல்லாத் தாளிலும் சிவப்பு முத்திரை: இரகசியம்.
குத்திக் குத்தி மை தீர்ந்தது.
மைக்கும் மூன்று விலைப்புள்ளி.

சனிக்கிழமை, பங்களாதேஷ் மார்க்கெட்டில்
பச்சை மிளகாய் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.
விரிகுடாவில் தூண்டில் போடும் தனபாலன் பக்கத்தில் வந்து,
"அக்கா, உங்க கப்பல் வயித்துல சிப்பி
கட்டை விரல் தண்டிக்கு வளந்திருக்கே,
எட்டு மாசமா நகரலையா?" என்றான்.
வேலையில் சேர்ந்த அன்று எடுத்த சத்தியம் ஞாபகம் வந்தது.
மிளகாய் என்ன விலை என்று கேட்டேன்,
அவனிடம்.

செவ்வாய்க்கிழமை பிரிட்டோரியாவிலிருந்து திட்டக் குழு.
விளக்கை அணைத்தார்கள். திரையில் மொசாம்பிக் கால்வாய்.
எங்கள் துறையிலிருந்து ஒரு நீல அம்பு கிளம்பி
வடக்கே வளைந்து
கொள்ளையர் படகு என்ற சிவப்புப் புள்ளியை
இரண்டு நொடியில் தொட்டது.
ஒரு கமாண்டர் தலையாட்டினார்.
அம்புக்குறிக்கு டீசல் வேண்டாம்.
பம்பு வேண்டாம். சம்பளம் வேண்டாம்.

"கையிருப்பு?" என்று என் பக்கம் திரும்பினார்கள்.
"கப்பல் ஒன்று" என்றேன்.
பொய்யில்லை. மிதக்கத்தானே செய்கிறது.

அடுத்த படத்தில் புதுக் கப்பல் மூன்று,
பன்னிரண்டு வருடத் தவணை.
ஆனை வாங்கிய வீட்டில்
அங்குசத்துக்கு வழக்கு நடக்கிறது,
அதற்குள் இன்னும் மூன்று ஆனைக்கு அச்சாரம்.
இதைச் சொல்லவில்லை. பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்தேன்.

ம்லுங்கிசிதான் பொறுக்கமாட்டாதவன்.
எஞ்சின் அறைக்காரன்.
உடைந்த வளையத்தைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு
வாசல் சோதனையைக் கடந்து
சாட்ஸ்வொர்த் யூனிட் ஏழுக்குக் கொண்டுபோனான்;
ஏகாம்பரத்தின் லேத்துக்கு.
முகவரி எழுதிக் கொடுத்தது யார் என்று
யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தீயணைப்புக் குழாயின் பழைய மூக்கு ஒன்றைக் கடைந்து
ஒரு மணி நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டான் ஏகாம்பரம்.
முந்நூற்றைம்பது ராண்ட்.
ரசீதில் "கார் ரிப்பேர்".
துணியில் சுற்றிக் கொடுக்கும்போது சொன்னானாம்:
"உப்புத் தண்ணி, தம்பி. ஆறு மாசம்.
அதுக்கு மேல என்னைக் கேக்காதே."

கப்பல் கிளம்பியது.
அமைச்சர் கையசைத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன்.

நேற்று பெனோனியிலிருந்து பெட்டி வந்தது.
பிரித்தேன்.
வளையம் என் மணிக்கட்டில் சரியாக ஏறியது.
பம்பின் வரைபடத்தோடு வைத்துப் பார்த்தேன்,
கால் அங்குலம் சிறிது.
திருப்பி அனுப்பும் படிவத்தில்
கேள்வி நான்கு:
பழைய வளையம் இல்லாமல் கப்பல் எப்படி ஓடுகிறது?
பதிலுக்கு இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள்.

பேனாவை மூடிவிட்டுச் சுவர் நாள்காட்டியில்
பின்னோக்கி எண்ணினேன்.
ஐந்து மாதம், இருபத்து மூன்று நாள்.
இந்நேரம் மபுட்டோவைத் தாண்டியிருப்பார்கள்.
ம்லுங்கிசியோடு சேர்த்து நாற்பத்தொரு பேர்.