தொண்ணூறாம் நம்பர் எண்ணெய்

பூம்பாறையில் எந்த வண்டியும் பூண்டு நாறும்.
அதனால்தான் ஒரு வாரம் தெரியாமல் போயிற்று.

கியர் எண்ணெய்க்கும் கந்தக வாடை உண்டு.
எட்டு மூட்டைக்கு அடியில் படுத்து மோந்தால்
எது எதுவென்று பிரியாது.
ஜீப்புக்குக் கீழே விரித்த பிஸ்கட் அட்டையில்
ரூபாய் அளவு ஒரு வட்டம்,
மறுநாள் தோசையளவு.
இன்ஜின் எண்ணெய் என்றால் தார்க் கறுப்பாய் இருக்கும்.
இது தேன் நிறம்.
இரண்டு விரலுக்கு நடுவே நூல் விட்டது.

மூஞ்சிக்கல் பெலவேந்திரன் வந்து
கோணிச் சாக்கில் மல்லாந்தார்.
கால் இரண்டும் வெளியே, குரல் மட்டும் அடியிலிருந்து:
"நனஞ்ச எடமெல்லாம் காயமில்ல.
ஓடுற ஓட்டத்துல காத்து பின்னால இழுத்துரும்.
ஒசக்க எங்க ஈரம்னு பாக்கணும்."

டீசல் தொட்டுத் தேய்த்ததில்
பத்து வருடச் சேறு உரிந்து
வார்ப்பு எண் தெரிந்தது,
நான் அதுவரை பார்த்திராத எண்.
காய்ந்ததும் வீட்டுப் பவுடர் டப்பாவைக் கொட்டினோம்.
கல்யாணத்துக்குக் கிளம்பிய கியர்பாக்ஸோடு
வியூ பாயிண்ட் வளைவுவரை ஏறி இறங்கினேன்,
எல்லாம் இரண்டாம் கியரில்.

வெள்ளையில் ஒரே ஒரு தேன்கோடு.
பின்பக்கம், ஷாஃப்ட் புறப்படும் வாசல்.
"சீல்" என்றார்.

சீல் வத்தலக்குண்டிலிருந்து கடைசி பஸ்ஸில் வந்தது,
கண்டக்டர் சட்டைப்பையில்.
இரண்டு மில்லி பெரிசு.
மறுநாள் கடைசி பஸ்ஸில் இன்னொன்று.
அதற்குள் வடுகபட்டிச் சந்தை ஒன்று தவறிவிட்டது.

கழற்றுமுன் சாக்பீஸால் கோடு போட்டார்,
ஷாஃப்டில் பாதி, ஃபிளேஞ்சில் பாதி.
"பிரிஞ்ச மாதிரியே சேரணும். இல்லாட்டி நடுங்கும்."
வடிக்கும் நட்டைத் தொடுமுன்
ஊற்றும் நட்டு திறக்கிறதா என்று பார்த்தார்.
திறந்தது. ஆறிக் கிடந்த பெட்டி
அப்போது ஒன்றும் சொல்லவில்லை.
புதுச் சீலின் உதட்டில் எண்ணெய் தடவி,
பழைய பேரிங் வளையத்தை மேலே வைத்து,
ஒரு பக்கம் சாயாமல் சுற்றிச் சுற்றித் தட்டினார்.
தொண்ணூறாம் நம்பர் இரண்டு லிட்டர்,
துளையில் திரும்பி வழியும்வரை.

மூன்றாம் நாள் அட்டையில் மறுபடி தோசை.

மூஞ்சிக்கல்வரை தனியாகத் திட்டிக்கொண்டு போனேன்,
போனதும் நேரிலும் திட்டினேன்.
அவர் பதில் பேசாமல் படுத்தார்.
கொதிக்கும் பெட்டியில் ஊற்றும் நட்டை
அரைத் திருகு திருகினார்.
உஸ்ஸ்ஸ்.

நான் நிறுத்தினேன்.

"மூச்சு முட்டிக் கெடக்குப்பா."

மிதியடித் தகட்டைக் கழற்றினால்தான் தெரியும் அது:
பெட்டியின் தலையில், மூடி எப்போதோ விழுந்துபோன,
சுண்டுவிரல் நுழையாத ஒரு குழல்.
ஏற ஏறச் சூடு, சூட்டில் பெருக்கும் காற்று.
அது போக இருந்த ஒரே வழியில் மண்.
போன மழையில் சாலை சரிந்து
ஒரு மாதம் வண்டி நின்றதே, அப்போது குடிவந்த குளவி.
சைக்கிள் ஸ்போக்கால் குத்திக் குத்தி எடுத்தார்.
மண், மண்,
பிறகு மூன்று சிலந்திகள்,
காலை மடக்கி, பொரிகடலைபோல் காய்ந்து.
காற்றுக்கு வழி இல்லாமல்
எண்ணெயைத் தள்ளியிருக்கிறது.

டீ வடிகட்டியின் வலையில் ஒரு துண்டு வெட்டி
குழல் வாயில் கட்டினார்.
அப்புறம் பையிலிருந்து பழைய சீலை எடுத்து
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"ஒரு கீறல் இல்ல. பாவம்.
சீல் காசு மட்டும் குடு."
கூலியும் சேர்த்து நீட்டினேன்,
திட்டினதுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.
எண்ணிவிட்டு
நூறு ரூபாயைத் திருப்பித் தந்தார்.

இன்று விடியுமுன், மஞ்சு இறங்கிய முற்றத்தில்,
புது அட்டையில் ஒரே ஒரு சொட்டு.
டார்ச் வெளிச்சத்தில் நிறம் தெரியவில்லை.
தொட்டு மோந்தேன்.

பூண்டு.

மணி நாலு. வடுகபட்டியில் எட்டரைக்கு ஏலம்.
அட்டையை மடித்து சீட்டுக்கடியில் வைத்துக்கொண்டேன்.