பதினோராம் எண் நோட்டு

ட்வோராய்ரித் துறைமுகத்தில் மீன் எடை போடுபவன் நான்.
மாதத்தின் முதல் வியாழன், இரவு ஏழுக்கு மேல்
மனிதரை எடை போடுகிறேன்.

நூலகத்துப் பின்னறை. மூன்று நாற்காலி, ஒரு காபிக் குடுவை.
வாசலில் மரப்பெட்டி. ஊரில் யாரும்
தன் நாட்குறிப்பை அதில் போடலாம், பெயர் எழுதாமல்.
படித்து, ஓரத்தில் பென்சிலால் கருத்தெழுதி
மறுமாதம் திருப்பி வைப்போம்.
எல்லாருக்கும் எல்லார் காலடிச் சத்தமும் தெரிந்த தீவில்
பெயரில்லாமை என்பது
ஊரே சேர்ந்து காக்கும் ஒரு மரியாதை.

பாருர் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர்,
காற்புள்ளிகளை எண்ணுவார்.
ரன்வா எல்லாவற்றையும் அழகு என்பாள்.
அழகு என்றால், பாதியில் தூங்கிவிட்டாள் என்று அர்த்தம்.

நான் கறார்.
ஒன்பதாம் எண், ஓர் ஆட்டுக்கிடாவின் பங்குக்காக
அண்ணனோடு இருபது பக்கம் மல்லுக்கு நிற்கிறது.
கோபம் இருக்கும்வரை நடை நன்று,
மன்னிக்கத் தொடங்கியதும் வழவழ. எழுதினேன் அப்படியே.
நான்காம் எண் பையன்
கைப்பந்தில் தான் போடாத கோல்களையும் போடுகிறான்.
போடட்டும். ஆனால் ஒன்றிலாவது தோற்கட்டும்.

பதினொன்றுதான் பொறுமையைச் சோதித்தது.
'மூடுபனி. ஹெலிகாப்டர் இல்லை. ரொட்டி சுட்டேன்.'
'மூடுபனி. ஹெலிகாப்டர் இல்லை. குழாய் உறைந்தது.'
'மேல்காற்று. ஹெலிகாப்டர் கிளம்பவில்லையாம்.
இருவருக்குச் சமைத்ததை இரண்டு நாள் சாப்பிடலாம்.'
நாற்பது பக்கம் இதே பாட்டு.
அழுத்தி எழுதினேன்:
வானிலை போதும். இதில் நீங்கள் எங்கே?

அடுத்த மாதம் புது நோட்டு, அதே கை,
ஏழின் இடுப்பில் அதே குறுக்குக்கோடு.
'தனிமை ஒரு கடல், நான் அதில் ஓர் ஓடம்.'
'காலம் என்னும் கள்வன்.'
பனி இல்லை. ரொட்டி இல்லை. குழாய்கூட இல்லை.
ரன்வா அழகு என்றாள்.
பாருர் காற்புள்ளிகளைப் பாராட்டினார்.
எனக்கோ, ஐஸில் வைக்க மறந்த மீனைத்
தொட்டதுபோல் இருந்தது.

பெட்டியின் அடியில் பழைய நோட்டும் கிடந்தது,
திரும்ப வேண்டாம் என்பதுபோல.
எடுத்துப்போய் வீட்டில் விரித்தேன்.
மார்ச் பதினேழு. எப்படித் தவறவிட்டேன்?

'தெளிவு. எதிர்த்தீவு ஆடுகளைக்கூட எண்ணலாம்.
ஹெலிகாப்டர் பன்னிரண்டு பத்துக்கு வந்தது.
பன்னிரண்டு இருபதுக்குப் போனது.
பால் தீர்ந்துவிட்டது.'

பிறகு மூன்று பக்கம் வெறுமை.
நான்காவதில் ஒரே சொல்: 'மூடுபனி.'
அதன் கீழே ஒரு கோடு,
கிட்டத்தட்ட நன்றியோடு இழுத்தது.

நாற்பது பக்கமும்
யாரோ ஒருவர்மேல் பழி விழாமல்
வானத்தின்மேல் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்.
நான்தான் அந்த வானத்தைப்
போதும் என்றவன்.

ரப்பரால் அழித்தேன்.
பென்சில் போயிற்று, பள்ளம் போகவில்லை.
விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தால்
என் கேள்வி இன்னும் தெளிவாக இருக்கிறது.

சனிக்கிழமை, கூட்டுறவுக் கடை வரிசை.
எனக்கு முன்னால் ஒரு மாவுப் பை, இரண்டு பால்.
யாரென்று எப்போதோ தெரியும்.
தெரியாததுபோல் இருப்பதுதான் இங்கே வழக்கம்.
வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.
'பனி இன்றைக்கு விலகுமா?' என்றேன்.

அவர் திரும்பினார். முதலில் என் கையைப் பார்த்தார்,
அப்புறம்தான் முகத்தை.
'நீங்கள்தானா
அந்தப் பென்சில்?'

பதில் கேட்க நிற்கவில்லை. கதவு திறந்து
கொஞ்சம் மூடுபனி உள்ளே வந்தது.
என் உருளைக்கிழங்கைத் தராசில் வைத்தாள் கடைக்காரப் பெண்.
எண் நிற்க வெகுநேரம் ஆயிற்று.